கற்பூரம் அடிக்காதவள்

செஞ்சி நீதிமன்றத்தில் பெண்கள் உட்காரும் பெஞ்சு ஒரு பக்கம் ஆடும். அதில் உட்கார்ந்திருந்த மஞ்சுவுக்குப் பெஞ்சு ஆடுகிறதா, தன் தொடை ஆடுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மடியில் மஞ்சள் பை, பைக்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் ஒரு முத்திரைத்தாள். அந்தத் தாள் இருக்கிற தைரியத்தில்தான் அவள் வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தாள்.

அந்தத் தாளின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். மஞ்சுவின் புருஷன் இளவழகன், ரைஸ் மில் முதலாளி செல்லப்பனிடம் கார் டிரைவர். போன கார்த்திகையில் ஒரு நாள் விடியற்காலை, தளவானூர் திருப்பத்தில் அந்தக் கார் ஒரு அம்மாளை அடித்துப் போட்டது. சொசைட்டிக்குப் பால் கொண்டுபோன லட்சுமியம்மாள். பாலும் ரத்தமும் ரோட்டில் ஒன்றாக ஓடியது என்று பிறகு போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது இளவழகன் இல்லை. அவன் அப்போது வீட்டில் பாயை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஓட்டியது முதலாளியின் மகன் குரு. பாண்டிச்சேரியில் ராத்திரியெல்லாம் கூத்தடித்துவிட்டுத் திரும்பியவன்.

பொழுது விடிவதற்குள் செல்லப்பன் இளவழகன் வீட்டு வாசலில் நின்றார். இத்தனை வருஷத்தில் காலனிப் பக்கம் செருப்புத் தூசுகூடப் படாத மனுஷன், அன்றைக்கு அவர்கள் வீட்டுப் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து அவர்கள் வீட்டு டீயைக் குடித்தார். காரியம் ஆக வேண்டுமென்றால் சாதி எங்கே போகிறதோ, தெரியவில்லை.

"பையனுக்கு கனடாவுல சீட்டு கிடைச்சிருக்குது. கேசுன்னு ஒண்ணு வந்துச்சுன்னா விசா போச்சு" என்றார். "நீ டிரைவரு. நீ ஓட்டுனேன்னு சொன்னா யாரும் இன்னா ஏதுன்னு கேக்கப் போறதில்ல. அன்னைக்கே பெயிலு. கடைசியில குத்தத்த ஒத்துக்கினா அபராதத்தோட வுட்டுடுவாங்க. மில்லுக்குப் பின்னால இருக்குற மூணு சென்ட் மனைய உன் பொண்டாட்டி பேருக்கு எழுதிடறேன்."

மூன்று சென்ட். இவர்கள் வீடு ஏரிப் புறம்போக்கில் இருந்தது. ஆக்கிரமிப்பு என்று தாலுகா ஆபீஸிலிருந்து வந்து சுவரில் சிவப்புப் பெயிண்டில் நம்பர் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். என்றைக்கு ஜேசிபி வரும் என்று தெரியாமல் அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டே சோறு பொங்குகிறவளுக்கு மூன்று சென்ட் என்றால் என்ன என்பதை, பட்டா வைத்திருக்கிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல முடியாது.

இங்கேதான் மஞ்சு தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினாள். அவள் தாலுகா ஆபீஸ் எதிரில் இருக்கும் பத்திர டைப்பிங் கடையில் வேலை பார்க்கிறவள். பி.காம். கிரயம், குத்தகை, விடுதலை, எந்தப் பத்திரமானாலும் அவள் விரல் பார்க்காதது இல்லை. "வாய்ப்பேச்சு வேணாம் மொதலாளி. எழுதிக் குடுத்துடுங்க" என்றாள். கடைச் சாவி அவளிடம். முத்திரைத்தாளும் அங்கேயே இருந்தது. விடியலில் கடையைத் திறந்து, மனையை எழுதித் தருவதாக ஒரு ஒப்பந்தப் பத்திரத்தைத் தானே உட்கார்ந்து அடித்தாள்.

பத்திரம் என்றால் பிரதிபலன் சொல்லியாக வேண்டும். எதற்கு ஈடாக எது என்று எழுதாத பத்திரம் பத்திரமே இல்லை. இது அவளுக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினையாயிற்று. 'மேற்படி விபத்தில் காரை ஓட்டிய குருவுக்குப் பதிலாக, தானே ஓட்டியதாக இளவழகன் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் ஒப்புக்கொள்வதற்குப் பிரதிபலனாக' என்று ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்துவைத்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் விரலால் கெட்டாள். செல்லப்பன் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். போலீஸ் மில்லுக்கு வருவதற்குள் இளவழகனை ஸ்டேஷனில் நிறுத்த வேண்டும் என்று அன்றைக்கு அவருக்கு இருந்த அவசரத்தில், வெற்றுத்தாளை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பார்.

ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் திரௌபதி அம்மன் கோயிலில் வண்டியை நிறுத்தினார். "நீ எழுதி வாங்கிக்கினே. எனக்கு ஒரு உறுதி வேணாமா? கற்பூரம் அடிச்சிக் குடு" என்றார். மஞ்சு அன்றைக்கு வீட்டுக்குத் தூரம். உள்ளே போகக் கூடாது. கோயிலுக்கு வெளியே ரோட்டோரம் நின்றபடி பார்த்தாள். அம்மனுக்கு முன்னால் தட்டில் எரிந்த கற்பூரத்தை இளவழகன் உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தான். "நாந்தான் ஓட்டுனேன். வேற பேரு என் வாயில வந்துச்சுன்னா என் பொண்ணு எனக்கில்ல" என்றான். ரோடு வரைக்கும் கேட்டது. அவளுக்கு அன்று தொடங்கிய நடுக்கம்தான், இன்னும் நிற்கவில்லை.

இன்றைக்குத்தான் இளவழகனிடம் குற்றத்தைப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்கப்போகிறார்கள். ஒப்புக்கொண்ட கையோடு சார்பதிவாளர் ஆபீசுக்குப் போய் மனையை எழுதிவிடுவதாக செல்லப்பன் சொல்லியிருந்தார். மாஜிஸ்திரேட் லீவு. சிவில் கோர்ட் முன்சீப் அம்மாதான் இன்றைக்கு சிவில், கிரிமினல் இரண்டையும் பார்க்கிறார். "இந்தம்மா கொஞ்சம் கறாரு" என்று யாரோ வராந்தாவில் சொன்னது காதில் விழுந்ததும் மஞ்சு பையைத் திறந்து தாள் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.

பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மஞ்சுவின் வயதுதான் இருக்கும். கையில் ஸ்டீல் பாட்டில். மஞ்சு உதட்டை நக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிக்கிறியா?" என்று நீட்டினாள். மஞ்சு அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள்.

"எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டு இன்னொரு வாய் ஊற்றிக்கொண்டாள்.

"தளவானூரு" என்றாள் அவள். "அமிர்தவல்லி எம்பேரு. எங்கம்மாவ வண்டி ஏத்திக் கொன்னவனுக்கு இன்னைக்கு கேசு. அவன் மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

வாயில் இருந்த தண்ணீர் உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றது. ஒருவழியாக விழுங்கினாள். "நீ யாரு கேசுக்கு வந்திருக்கே?" என்று அமிர்தவல்லி கேட்டுவிடுவாளோ என்று பையை இறுக்கிப் பிடித்தாள். அவள் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு யாரிடமாவது பேச வேண்டியிருந்தது, அவ்வளவுதான். "எங்கம்மா ரோட்ட வுட்டு எறங்கித்தான் நடப்பாங்க. ஓரமாத்தான் போவாங்க" என்று ஒரு தடவை சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி சொன்னாள்.

முன்சீப் அம்மா வந்து உட்கார்ந்தார். எல்லோரும் எழுந்து நின்றுவிட்டு உட்கார்ந்தார்கள். முதலில் ஒரு சிவில் வழக்கின் தீர்ப்பு. வாதி கன்னியப்பன், பிரதிவாதி ஜெயராமன். இரண்டு பேரும் லாரிக்காரர்கள். கூட்டுத் தொழிலில் பாதிப் பங்கு தருவதாக ஜெயராமன் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாற்றிவிட்டான் என்பது வழக்கு. லாரி வாடகைத் தொழில் என்று போட்டிருந்தார்கள். குறுக்கு விசாரணையில் லாரியில் ஏறியது என்னவென்று வெளியே வந்துவிட்டது. சங்கராபரணி ஆற்று மணல். பர்மிட் கிடையாது.

"அம்மா, அவன் கையெழுத்து இருக்குதும்மா. இல்லன்னு அவனே சொல்லல" என்றார் கன்னியப்பன். வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"கையெழுத்து சரியாத்தான் இருக்கு. பத்திரமும் சரியா இருக்கு" என்றார் முன்சீப் அம்மா. குரலை உயர்த்தவே இல்லை. "பத்திரத்துல எழுதின காரியம்தான் சரியில்லை. ஆத்துல திருடின மணலுக்குப் பங்கு பிரிச்சுக் கொடுக்கிறது கோர்ட் வேலை இல்லை. சட்டம் தடுக்கிற காரியத்துக்கு நீங்க என்ன பத்திரம் எழுதினாலும், எத்தனை சாட்சி போட்டாலும், இங்கே அது செல்லாது. வழக்கு தள்ளுபடி."

ஜெயராமன் சிரித்தான்.

"நீங்க சிரிக்காதீங்க" என்றார் அவர். "நீங்க ஜெயிக்கலை. தப்பு செய்ய ஒண்ணு சேர்ந்த ரெண்டு பேருக்கு நடுவில கோர்ட் வராது, அவ்வளவுதான். ரெண்டு பேரும் இங்கே கொடுத்த சாட்சியத்தை கலெக்டருக்கு அனுப்பறேன்."

ஜெயராமன் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. கன்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சைத் தாண்டிப் போகும்போது, "சொந்தக் காசுல சூனியம் வச்சிக்கினேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

மஞ்சுவின் மடியில் இருந்த பை பாம்புப் பெட்டி மாதிரி கனத்தது. பத்திரம் சரி, காரியம் சரியில்லை. தன் தாளையும் அந்தம்மா படித்துப் பார்த்துவிட்டு அதையேதானே சொல்வார்? பிரதிபலன் என்று அவள் கெட்டிக்காரத்தனமாக அடித்த அந்த ஒரு வரிதான் தாளையே கொன்றுவிட்டது. மனையும் இல்லை. கேட்டு வந்தால் மாட்டிக்கொள்வதுதான் மிச்சம். திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் செல்லப்பன் உட்கார்ந்திருந்தார். தீர்ப்பை அவரும்தான் கேட்டார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காது குடைந்துகொண்டிருந்தார். அவருக்கு இது முன்னாலேயே தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்தடுத்து வாய்தா போட்டுக்கொண்டிருந்தார்கள். மஞ்சு எழுந்து வராந்தாவுக்குப் போனாள். செல்லப்பனும் வெற்றிலை துப்ப வெளியே வந்தார்.

"மொதலாளி, மொதல்ல ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போயிட்டு வந்துடலாமா? பக்கத்துலதான" என்றாள்.

"இன்னாம்மா அவசரம்? மொதல்ல அவன் ஒத்துக்கட்டும்."

"ஒத்துக்கினப்புறம் நீங்க எழுதலன்னா?"

செல்லப்பன் அவளையும் அவள் பையையும் பார்த்தார். "எழுதலன்னா கேசு போடேன். கோர்ட்டு இங்கதான இருக்குது" என்றார். கோபமே இல்லாமல், பஸ் எப்போது வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு கொஞ்சம் குனிந்து, "படிச்ச பொண்ணு நீ. உன் பையில இருக்குறத எடுத்துக் காட்டுனா உம் புருஷன் பொய் சொன்ன கேசுல உள்ள போவான். பெத்தவ நீயும் போயிட்டா அந்தப் புள்ளைக்கு யாரு சோறு போடுவா? போ, போயி உக்காரு" என்றார்.

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த நிதானம்தான் அவளைக் குலைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே வெயிலில் ராஜகிரி மலை வெந்துகொண்டிருந்தது. வராந்தாவின் மறுகோடியில் இளவழகன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஸ்கூல் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் பக்கத்தில் போய், கேட்டதையெல்லாம் மூச்சு வாங்கச் சொன்னாள். மணல் வழக்கு, முதலாளி சொன்னது, எல்லாம்.

"மனை வராதுங்க. லைசென்சும் போயிடும். இந்தம்மா அபராதத்தோட வுடறவங்களாத் தெரியல. ஒத்துக்காதீங்க. வண்டி நான் ஓட்டலன்னு சொல்லிடுங்க."

இளவழகன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். அதில் இன்னும் வடு இருந்தது. "கற்பூரம் அடிச்சிருக்கேன் மஞ்சு" என்றான். "பாப்பாவ வச்சி அடிச்சிருக்கேன். நான் வாயத் தொறந்து, அதுக்கு எதுனா ஆயிடுச்சுன்னா? ஜெயிலுக்கு வேணா போறேன். அது என்னால முடியாது."

பி.காம் படித்தவள்தானே, அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே என்பீர்கள். கற்பூரத்துக்கு பி.காம் தெரியுமா? போன மாசம் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவள் நினைத்தது அந்தக் கற்பூரத்தைத்தான். அவளுக்கும் பயம். சட்டம் செல்லாது என்று தள்ளிவிட்டது, அம்மன் தள்ளுவாளா? முதலாளி கொடுத்தது செல்லாத சத்தியம். வாங்கிக்கொண்டது செல்லுகிற சத்தியம். எப்படிப்பட்ட ஆள் என்று நினைத்தபோது அவளுக்கு முதல் தடவையாகப் பயத்தோடு கோபமும் வந்தது.

"இளவழகன்... இளவழகன்... இளவழகன்" என்று டவாலி கூப்பிட்டார்.

மஞ்சு ஓடிப்போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். இளவழகன் கூண்டில் ஏறினான். பக்கத்தில் அமிர்தவல்லி நிமிர்ந்து உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்தாள். அவள் மூச்சு விடுகிற சத்தம் மஞ்சுவுக்குக் கேட்டது. "பாவி" என்றாள் அமிர்தவல்லி, மெதுவாக. "பாத்தா பூனை மாதிரி இருக்கான்."

முன்சீப் அம்மா குற்றத்தைப் படித்தார். எந்த நாள், எந்த ரோடு, எந்த வண்டி, யார் செத்தது. பிறகு கேட்டார்: "வண்டியை வேகமாவும் கவனக்குறைவாவும் ஓட்டி லட்சுமியம்மாள் சாவுக்குக் காரணமா இருந்ததா உங்க மேல குற்றச்சாட்டு. ஒப்புக்கிறீங்களா? ஒப்புக்கிட்டா தண்டனை உண்டு. யாராவது சொல்லிக் கொடுத்து ஒப்புக்காதீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

இளவழகன் கூண்டுக் கம்பியைப் பிடித்தான். மஞ்சுவின் கண்ணுக்கு முன்னால் அந்தக் கோயில் வந்தது. தட்டு, நெருப்பு, ஓங்கின கை. தான் எங்கே நின்றோம்? வெளியே. ரோட்டில். தூரம் என்று உள்ளே விடவில்லை. முதலாளியும் அவளைக் கூப்பிடவில்லை. பொம்பளைதானே என்று விட்டுவிட்டார்.

நான் அடிக்கலையே, என்று நினைத்தாள். எழுதிக் கொடுத்த மனையைக் கொடு என்று முதலாளியை இழுக்க முடியாத தாள், வாயை மூடிக்கொண்டிரு என்று அவளையும் கட்ட முடியாது. கற்பூரம் அவள் கையில் படவே இல்லை. இரண்டு பக்கமும் அவளைப் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. அது பெஞ்சோடு சேர்த்து ஆணி அடித்த மாதிரி அவளை உட்காரவைத்திருந்தது.

"அம்மா, நான்..." என்று ஆரம்பித்தான் இளவழகன்.

மஞ்சு எழுந்துவிட்டாள். எப்படி எழுந்தாள் என்று பிற்பாடு எத்தனை தடவை கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பெஞ்சு ஒரு பக்கம் தூக்கி, டமாரென்று மறுபடி தரையில் இறங்கியது. "அவரு ஓட்டலம்மா" என்றாள்.

டவாலி, "உக்காரும்மா, உக்காரு" என்று கையை ஆட்டினார். "மஞ்சு, வேணாம்" என்றான் இளவழகன், கூண்டிலிருந்து. பின்னால் செல்லப்பன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் கேட்டது. முன்சீப் அம்மா எல்லோரையும் ஒரு பார்வை பார்த்து, "நீங்க யாரு?" என்றார்.

"அவரு பொண்டாட்டிம்மா. அவரு சத்தியம் பண்ணியிருக்காரு, அவரால சொல்ல முடியாது. நான் பண்ணல." பையிலிருந்து கவரை எடுத்தாள். கவரைப் பிரிக்க விரல் ஒத்துழைக்கவில்லை. ஒரு நாளைக்கு இருபது பத்திரம் அடிக்கிற விரல்கள், கவரோடு போராடின. கடைசியில் கவரோடேயே கொடுத்தாள். டவாலி வாங்கி மேலே நீட்டினார்.

முன்சீப் அம்மா படித்தார். படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு, இன்னொரு முறை படித்தார்.

"இந்த மனை உங்களுக்கு வராது. தெரியுமா?"

"தெரியும்மா. காலையில இங்கதான் உக்காந்து கேட்டேன்."

"இதைக் கொடுத்தா உங்க கணவர் மேலயும் உங்க மேலயும் கேஸ் வரலாம். அதுவும் புரியுதா? நீங்க ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசிட்டுக்கூட..."

"புரியுதும்மா" என்றாள் மஞ்சு. அவளுக்கு அழுகை வந்தது. "பயமாத்தான் இருக்குது. இப்ப உக்காந்துட்டேன்னா மறுபடி எழுந்திரிக்க மாட்டேன். நீங்களே வச்சிக்குங்க."

முன்சீப் அம்மா தாளைப் புரட்டி அடியில் பார்த்தார். "செல்லப்பன்னு கையெழுத்துப் போட்டவர் இருக்காரா?" என்றார். கடைசி வரிசை நாற்காலி காலியாக இருந்தது. கதவோரம் நின்ற போலீஸ்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் வெளியே போனார்.

"இதை டைப் பண்ணது யாரு?"

கூண்டில் இளவழகன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

"நாந்தாம்மா."

அப்போது பக்கத்தில் அமிர்தவல்லி எழுந்து நின்றாள். அவள் மஞ்சுவை அடிப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மஞ்சுவும் அப்படித்தான் நினைத்தாள். அடிக்கட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கூடக் காட்டினாள். அமிர்தவல்லி அடிக்கவில்லை. தான் தண்ணீர் கொடுத்த வாயை ஒரு நிமிஷம் பார்த்தாள். போலீஸ் கேட்காத, வக்கீல் கேட்காத, ஒருத்தரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"அப்ப எங்கம்மாவ அடிச்சது யாரு?"

மஞ்சு அந்தப் பெயரைச் சொன்னாள்.